உசாத்துணை

காரவள்ளி அடிவாரத்தில் புறப்படும் பேருந்து, எண்ணிட்டு வைத்த 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக ஏறி முடித்து, வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அன்னையின் மடியில் சாய்ந்து கிடந்த குழந்தைகள் தலை நிமிர்ந்து வெளியே பார்க்கும் நேரத்தில், குளிர்ந்த காற்றோடு எதிர்ப்படும் ஊர் சோளக்காடு. பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் குவிகின்ற அதன் சந்தை கொல்லிமலை முழுவதற்கும் பெயர்பெற்றது. மலைச் சந்தைகளின் இயல்பை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அங்கே பண்டம் கைமாறுவது பாதி விவகாரம்தான், மற்றப் பாதி பேச்சு. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்கிற இருவர், மிளகு விலையில் தொடங்கி, மழையைப் பேசி, ஒருவர் மகன் பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன செய்யப் போகிறான் என்பதில் வந்து நிற்பார்கள். அப்பேச்சில் அந்த மகன் மட்டும் இருக்கமாட்டான்.

இந்த இடைவெளியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. பள்ளிக்கூடத்தில், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அது சொல்வதைக் கேட்டு, அதனோடு சேர்ந்து யோசிப்பதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் எப்போது பிறந்தது, யார் அதை எழுத்தில் வைத்தார்கள், எழுத்தில் வைத்தது எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பதைச் சோளக்காட்டிலிருந்து பார்க்க விரும்புகிறேன். தலைநகரத்தில் நின்று பார்த்தால் எல்லாத் திட்டங்களும் நிறைவேறியவை போலவே தோன்றும். எழுபதாவது வளைவில் நின்று பார்ப்பவனுக்கே எது மேலே வந்து சேர்ந்தது, எது அடிவாரத்தோடு நின்றுவிட்டது என்பது புலப்படும்.

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கர்ணபரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று 14 நாடுகளாக வகுக்கப்பட்டது அம்மலை. ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதும், திருமணம் பேசுவதும், திருவிழாவுக்கு நாள் குறிப்பதும் நெடுங்கால வழக்கம். அந்த ஏற்பாட்டை இகழ்ந்து பேச எனக்கு மனம் வராது. பிணக்குற்ற குடும்பங்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்த ஏற்பாடு அது. ஆனால் அந்தச் சபையில் வளரிளம் பருவத்துப் பிள்ளை ஒரு விஷயமாக இருந்ததேயன்றி, வாய் திறந்து பேசும் ஓர் ஆளாக இருந்ததில்லை. அதற்கு நியாயமும் உண்டு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காலத்தில் தகப்பன் செய்ததை மகன் செய்தான். தெரிந்தெடுக்க இரண்டு வழிகள் இல்லாதவனுக்கு வழி கேட்கும் அவசியமும் இல்லை. மலைக்குச் சாலை வந்து, சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி சாமையின் இடத்தைப் பிடித்து, ரூபாய் புழங்கத் தொடங்கி, பள்ளிக்கூடமும் வந்த பிறகுதான், "இதுவா, அதுவா" என்ற கேள்வி பிள்ளைகளின் வாழ்வில் புகுந்தது.

இம்மலையோடு தொடர்புடைய ஒரு பிள்ளைக்கு அக்கேள்வி மற்றவர்களுக்கு முன்பே வந்தது. ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேயப் பாதிரியாரும் அவர் மனைவி ஈவ்லினும் 1913-இல் மணம் புரிந்துகொண்டு கொல்லிமலையில் குடியேறி, வைத்தியமும் பள்ளியும் நடத்தி வந்தார்கள். அவர்களுடைய மகன் பால், மலைப் பிள்ளைகளோடு மரமேறி விளையாடி வளர்ந்து, 1923-இல் ஒன்பது வயதில் படிப்புக்காகத் தங்கையோடு இங்கிலாந்தில் தாயுடன் பிறந்த சகோதரிகள் வீட்டில் விடப்பட்டான். பெற்றோர் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். அதன் பின்னர் ஆறு ஆண்டுகள் தந்தைக்கும் மகனுக்கும் இடையில் இருந்தது கடிதம் ஒன்றே. அக்கடிதங்களில் தந்தை அதிகம் எழுதியது மலையைப் பற்றி: தாம் கண்ட மரம், பறவை, பூச்சி, அவற்றில் தாம் அடைந்த ஆனந்தம். 1929-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்டு கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே காலமானார். மரணச் செய்தி தந்தியில் பறந்து சென்றது; அவர் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய கடிதமோ கப்பலில் மெல்லச் சென்று, செய்தி எட்டிச் சில வாரங்களுக்குப் பிறகே மகன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பதினைந்து வயது நிறையாத ஒரு பள்ளி மாணவன், இல்லாதுபோன தகப்பன் தன்னோடு பேசுவதை வாசித்துக்கொண்டிருந்த அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

அந்தப் பிள்ளை பின்னர் சென்ற பாதையும் கவனிக்கத் தக்கது. மலையில் தந்தை சீழ்க்கட்டியை அறுப்பதையும் நரம்புச் சிலந்தியைக் காலிலிருந்து சுற்றி எடுப்பதையும் கண்டு அருவருப்புற்றவன் ஆகையால், வைத்தியம் தனக்கு ஆகாது என்று தீர்மானித்து, பள்ளியை விட்டதும் கட்டடத் தொழிலில் சேர்ந்து, மரமும் கல்லும் இழைத்துச் சில ஆண்டுகள் கழித்தான். அதன் பிறகே வைத்தியம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சத்திர சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றார் டாக்டர் பால் பிராண்டு. தச்சுப் பட்டறையில் கழிந்த ஆண்டுகளை அவர் வீணென்று கருதியதில்லை. இன்றைய மதிப்பெண் கணக்கில் பதினாறு வயதில் "தவறிய" பிள்ளையாகவே அவரை எழுதியிருப்பார்கள். மலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மலையிலேயே இப்படி ஒரு விருத்தாந்தம் இருக்கிறது என்பதை அங்குள்ள ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

தகப்பனின் கடிதம் கிடைக்காத பிள்ளைகளுக்காக ஒரு ஸ்தானத்தை ஏற்படுத்த வேண்டும் என்ற யோசனை வேறு வழியாக வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் திறந்தார். இந்தியாவில் அது கல்கத்தாவிலும் பம்பாயிலும் சில அறிஞர்களின் முயற்சியாக முளைத்தது. ஆனால் அதைத் தேசக் கொள்கையாக எழுதியது ஒரு தமிழரின் தலைமையில் அமைந்த குழு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக வீற்றிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரைத் தலைவராகக் கொண்டு 1952 செப்டம்பரில் நியமிக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, மறு ஆண்டிலேயே தன் அறிக்கையை அளித்தது. மனிதப்பண்பியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்று ஏழு பிரிவுகளாகப் பாடங்களை விரித்து, பல்நோக்குப் பள்ளிகளைத் திறக்கச் சொன்னது அக்குழு. ஏழு கதவுகளைத் திறந்துவிட்டு, எந்தக் கதவு தனக்குரியது என்று அறியாத பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்துவது நியாயமாகாது என்பதை மருத்துவரான முதலியார் உணர்ந்தே இருந்தார். ஆகவேதான் அவ்வறிக்கையில் வழிகாட்டலுக்கும் ஆலோசனைக்கும் ஒரு தனி அத்தியாயம் இடம்பெற்றது. வழிகாட்டும் அலுவலர்களும் தொழில் வழிகாட்டி ஆசிரியர்களும் படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும், அவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. 1954-இல் டில்லியில் மத்திய வழிகாட்டுப் பணியகம் ஒன்றும் தோன்றியது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரிக் கல்விக் குழு, இன்னும் நடைமுறைக்கு ஏற்ற ஒரு சிபாரிசைச் செய்தது: பள்ளிக்கு ஓர் ஆலோசகர் என்பது உடனே இயலாதாயின், பத்துப் பள்ளிகளுக்கு ஒருவராவது சுற்றிவரும் ஆலோசகராக இருக்கட்டும். இந்தப் பத்து என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நடந்தது என்ன? ஆலோசகர் என்ற உத்தியோகம் பெரும்பாலான பள்ளிகளில் பிறக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஆசிரியர் ஒருவரின் தலையில் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. வாரத்தில் முப்பது பாடவேளை கணக்குச் சொல்லிக்கொடுத்து, பரீட்சைத் தாள் திருத்தி, வருகைப் பதிவேடும் எழுதி முடித்த உபாத்தியாயர், மாலை நாலரை மணிக்குமேல் எஞ்சியிருக்கும் தெம்பில்தான் ஒரு பிள்ளையின் மனத்தை விசாரிக்க வேண்டியிருந்தது. மாணவனின் குடும்பம், உடல்நலம், விருப்பம், திறமை எல்லாவற்றையும் ஆண்டுதோறும் குறித்துவர வேண்டிய திரள் பதிவேடு, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பரீட்சைக்குரிய வினாவாகவே தங்கிவிட்டது. அந்த ஆசிரியர்களை நான் குறை கூற மாட்டேன். தங்கள் சம்பளத்தில் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவர்களும், படிப்பை நிறுத்திய பெண்ணின் வீடு தேடிக் காட்டுப் பாதையில் நடந்தவர்களும் அவர்களிலேயே இருந்தார்கள். ஆயினும் ஒரு வேலைக்கு நேரம் ஒதுக்காமல் பெயரை மட்டும் ஒதுக்குவது, அந்த வேலை முக்கியமன்று என்று சொல்வதற்குச் சமானம். எழுபது ஆண்டுகளாக நாம் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறோம்.

தமிழில் அந்த வேலைக்குப் பெயர் வைத்ததிலும் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. ஆசிரியக் கல்வி நூல்கள் அதை "அறிவுரை பகர்தல்" என்றன. அறிவுரை நம் பிள்ளைகளுக்கு என்றும் பஞ்சமாக இருந்ததில்லை. அவர்களுக்குக் கிடைக்காதிருந்தது காது. இலங்கைத் தமிழர் இதற்கு "உளவளத்துணை" என்றும் "சீர்மியம்" என்றும் பெயர் கண்டார்கள். போரில் வீடும் தந்தையும் இழந்து வகுப்பறைக்கு வந்த பிள்ளைகளின் முன்னே நின்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர்களுக்கு, பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் பயிற்சி அளித்தபோது, "அறிவுரை" என்ற சொல் அங்கே பயன்பட்டிருக்க முடியாது. அத்தகைய பிள்ளைக்கு என்ன அறிவுரை சொல்வது? நம் பழந்தமிழில் "உசாத்துணை" என்று ஒரு சொல் உண்டு. உசாவுதல் என்றால் கலந்து ஆராய்தல். அவ்வாறு ஆராயும்போது துணையாக இருப்பவர் உசாத்துணை. இவ்வளவு பொருத்தமான சொல்லை நாம் நூற்பட்டியலுக்குக் கொடுத்துவிட்டோம்.

இதற்கிடையே "கவுன்சலிங்" என்ற சொல் தமிழ்நாட்டில் வேறொரு பொருளில் வீடுதோறும் நுழைந்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது பதினைந்து வயதில் "குரூப்" எடுக்கும் கட்டாயம் பிறந்தது. பிறகு பொறியியல் கல்லூரி இடங்களை ஒற்றைச் சாளர முறையில் அண்ணா பல்கலைக்கழகம் ஒதுக்கத் தொடங்கியதும், கவுன்சலிங் என்றாலே இடம் எடுக்கப் போகும் நாள் என்று பெற்றோர் மனத்தில் பதிந்தது. "பையனுக்குக் கவுன்சலிங் கொடுக்கணும்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், "அதுக்குள்ளயுங்களா சார்? இன்னும் மார்க்கே வரலீங்களே" என்று தகப்பனார் திகைப்பது இயல்பே. கொல்லிமலை அடங்கிய நாமக்கல் மாவட்டத்தின் சமவெளியில் அந்த மதிப்பெண்ணே பெரும் தொழிலாக வளர்ந்தது. தமிழகமெங்கும் இருந்து பிள்ளைகள் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட தனியார் விடுதிப் பள்ளிகளில், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருவேற்றுவது பலவிடத்தும் வழக்கமாயிற்று. 2017-இல் அரசு மாநிலத் தர வரிசை வெளியிடுவதை நிறுத்தியதும், பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும் அந்த வழக்கத்தைத் தடுக்கும் நோக்கத்தோடுதான்.

மலைமேல் இருப்பவையும் விடுதிப் பள்ளிகளே. ஆனால் அவற்றின் சுபாவம் வேறு. ஊர்கள் சிதறிக் கிடப்பதாலும், பெற்றோரில் பலர் பிழைப்புத் தேடி மாதக்கணக்கில் மலையிறங்கிப் போவதாலும், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. தகரப் பெட்டியின் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்த பிள்ளை, பத்தாம் வகுப்பு முடியும் வரை ஆண்டின் பெரும்பகுதியை அங்கே கழிக்கிறது. இரவு விளக்கணைந்த பின் வரிசையாகப் பாய்கள். அவற்றில் ஒன்றில் ஒருவன் புரண்டுகொண்டே இருக்கிறான். அவன் உறங்கவில்லை என்பது பக்கத்துப் பாய்க்காரனுக்குத் தெரியும். பெரியவர் எவருக்கும் தெரியாது.

இப்படி ஒரு பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். நன்றாகப் படித்தவன், தீபாவளி விடுமுறை முடிந்து நான்கு நாள் தாமதமாக வருகிறான்; தட்டில் சோற்றை மிச்சம் வைக்கிறான்; கணக்கு வகுப்பில் ஜன்னலைப் பார்க்கிறான். ஒருவர் அதைச் சோம்பல் என்பார், ஒருவர் திமிர் என்பார். பயின்ற ஆலோசகர் அவனை அறைக்கு அழைத்து மேசைக்கு அப்புறம் நிறுத்திவைக்க மாட்டார். மைதானத்து வேப்பமரத்தடியில் அவனுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருவார். முதல் நாள் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். அந்த மௌனத்தை அவர் பொறுத்துக்கொள்வார். மூன்றாவது தடவையில், அப்பா வேலைக்குப் போன இடத்திலிருந்து பணம் அனுப்பவில்லை, அம்மா தனியாக மரவள்ளி பிடுங்குகிறாள், தானும் நின்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறான் என்பது மெல்ல வெளிவரும். "நிற்காதே" என்று அவர் சொல்வதில்லை. நின்றால் என்ன ஆகும், நிற்காமல் அம்மாவுக்கு உதவ வேறு வழி உண்டா, உதவித்தொகை எப்போது வரும், மாமன் வீட்டில் யாராவது அறுவடைக்கு வருவார்களா என்று ஒவ்வொன்றாக அவனோடு சேர்ந்து எண்ணுகிறார். அவன் சொன்னதை ஆசிரியர் அறையில் கதையாக்குவதில்லை. அவன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலன்றி அந்த இரகசியம் அவரிடமே இருக்கும். கணக்கு ஆசிரியரிடம் மட்டும், இரண்டு வாரம் அவனைக் கரும்பலகைக்கு அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்.

இதே வேலையின் இன்னொரு பாதி காகிதம். பழங்குடி இனச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் கையொப்பம் வேண்டும். அதற்கு மலையிறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். "மலையாளி" என்ற இனப்பெயரைக் கேட்டுக் கேரளத்தவரா என்று வினவும் வெளியூர்க் காரியாலயங்களில் பதில் சொல்லப் பிள்ளை தயாராக இருக்க வேண்டும். எந்தக் குரூப் எடுத்தால் நர்ஸ் படிப்புக்கு வழி, எது ஐ.டி.ஐ.க்குப் போதும் என்று தெரிய வேண்டும். பத்தாம் வகுப்போடு நிறுத்தி மணம் முடிக்க வீட்டில் பேச்சு எழுந்த பெண்ணுக்கு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அவளுடைய தாயோடு அமைதியாக உட்கார்ந்து பேச ஓர் அக்கா இருக்க வேண்டும். பச்சைமலையின் அரசுப் பழங்குடிப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2024-இல் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்றார் என்ற செய்தி வந்தபோது எல்லோரும் அவர் மதிப்பெண்ணைப் பேசினார்கள். அந்தப் பரீட்சை ஒன்று இருக்கிறது என்று அவருக்கு முதலில் சொன்னவரைப் பற்றியே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2010-களின் தொடக்கத்தில், உளவியலாளரை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகச் செல்லும் நடமாடும் ஆலோசனை மையங்கள் தமிழ்நாட்டில் வந்தன. மாநிலம் முழுவதற்கும் அவை பத்து ஊர்திகள். பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்று கோத்தாரிக் குழு சொன்னதோடு இதை ஒப்பிட்டால் மனம் கனக்கிறது. எனினும் தொடங்கியதே பெரிது. 2018-இல் 14417 என்ற கல்வி உதவி எண் வந்தது. பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் ஆலோசகர்கள் இரவும் விழித்திருக்கிறார்கள். 2022-இல் "நான் முதல்வன்" திட்டம் உயர்கல்வி வழிகாட்டலை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தது. அவ்வாண்டே பள்ளிகளில் பிள்ளைகள் தம் குறைகளை எழுதிப் போட "மாணவர் மனசு" என்ற பெட்டிகளும் வைக்கப்பட்டன, 14416 என்ற மனநல உதவி எண்ணும் தொடங்கியது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா, தோல்வியுற்ற பிள்ளைக்கு அவ்வாண்டே மறுபரீட்சை வேண்டும் என்று வாதாடியதும் இவ்வரிசையில் சேரும். ஓர் ஆண்டு முழுதும் வெட்கத்தோடு காத்திருக்க வேண்டியவர்களுக்கு, சில வாரங்களில் மறுபடியும் எழுதலாம் என்ற ஏற்பாடு உயிர் காத்த மருந்து. தொலைபேசி எண்கள் நல்லவையே. ஆனால் விடுதிப் பிள்ளையிடம் கைபேசி இல்லை, இருக்கும் ஒன்று வார்டனுடையது, அதில் அவர் எதிரிலேயே நின்று பேச வேண்டும் என்பதை யோசித்து, மலைப் பள்ளிகளுக்கேனும் நிரந்தரமான ஓர் ஆளை, வேறு வேலை சுமத்தாமல் நியமிக்க வேண்டும். அவர் மலைக்காரராகவே இருந்தால் மிகவும் விசேஷம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சோளக்காட்டுப் பேருந்து நிறுத்தத்தில், விடுதிக்குத் திரும்பும் பிள்ளைகளும், கீழே கல்லூரிக்குத் திரும்பும் ஓரிருவரும் ஒன்றாகக் காத்து நிற்பார்கள். கையில் பலாச்சுளைப் பொட்டலத்தோடு நிற்கும் பத்தாம் வகுப்புப் பெண், தோளில் பை மாட்டிய கல்லூரிப் பெண்ணை நெருங்கி, தாய் கேட்காத தூரத்துக்கு அவளைச் சற்றே ஒதுக்கிக்கொண்டுபோய், "அக்கா, நீங்க எந்த குரூப்பு எடுத்தீங்க? வீட்டுல எப்படி ஒத்துக்கிட்டாங்க?" என்று கேட்கிறாள். பேருந்து வந்து நின்று, நடத்துனர் விசில் ஊதி, எல்லோரும் ஏறிய பிறகும் அவர்கள் இருவரும் படியருகில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.